ஒரே டொமைன், பல மெயில் சர்வர்கள்: வழி அமைப்பது எப்படி?

முதலில் நிறுவனத்தில் ஒரு மெயில் சர்வர்தான் இருக்கும். எல்லாருடைய மெயில்பாக்ஸும் அதற்குள்ளேயே இருக்கும். பிறகு கிளை அலுவலகம் தனக்கென ஒன்று வைத்துக்கொள்ளும். பாதிப் பேரை கிளவுடுக்கு மாற்றுவார்கள், மீதிப் பேர் பழைய இடத்திலேயே தங்கிவிடுவார்கள். பில் அனுப்பும் மென்பொருளுக்குத் தனியாக இன்னொன்று முளைக்கும். ஆனால் வெளியே இருப்பவர்களுக்கு எல்லாருமே @நிறுவனம்.காம்தான். வந்து சேரும் மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்ற கேள்வி அப்போதுதான் உங்கள் மேசைக்கு வருகிறது.

இந்த வேலையைப் புதிதாகக் கையில் எடுப்பவருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ‘இந்த முகவரியின் மெயில்பாக்ஸ் எங்கே இருக்கிறது?’ என்று உங்கள் சர்வர்கள் ஒவ்வொன்றையும் கேட்டால், எல்லாமே ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். இரண்டு சர்வர்கள் இரண்டு பதில் சொன்னால் மெயில் தொலையும், அல்லது நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும். கீழே வரும் படிகள் எல்லாமே அந்த ஒரே பதிலை உருவாக்குவதற்காகத்தான்.

உதாரணங்களுக்கு போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். பரவலாகப் பயன்படுவது, அதன் அமைப்புக் கோப்புகளைப் புரிந்துகொள்வதும் எளிது. அமைப்புகளின் பெயர்களை ஒலிப்படி எழுதுகிறேன்.

தொடங்கும் முன் தெரிய வேண்டிய இரண்டு

ஒன்று, உறை. மெயிலைத் திறந்தால் தெரியும் ‘டு’ வரி, கடிதத்தாளின் உள்ளே எழுதிய பெயர் போன்றது. சர்வர்கள் அதைப் பார்த்து வழி தேடுவதில்லை. சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும்போது பேசிக்கொள்ளும் எஸ்எம்டிபி உரையாடலில் ‘ஆர்சிபிடி டு’ கட்டளையோடு வரும் முகவரிதான் உறைமேல் எழுதிய முகவரி. பிசிசி போட்டால் அந்தப் பெயர் மற்றவர் கண்ணில் படாமலேயே மெயில் போய்ச் சேருவது இதனால்தான். ரூட்டிங்கில் நாம் தொடுவதெல்லாம் உறைமேல் உள்ள முகவரியைத்தான்.

இரண்டாவது, எம்எக்ஸ் ரெக்கார்டு. ‘இந்த டொமைனுக்கான மெயிலை இந்தச் சர்வரிடம் கொடு’ என்று, இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் எழுதி வைப்பது. 1986இல் வந்த ஆர்எஃப்சி 974 ஆவணம் இதை விளக்குகிறது, இன்றும் அடிப்படை மாறவில்லை. ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஓர் எண் உண்டு. குறைந்த எண்ணுக்கே முதலில் முயற்சி நடக்கும்.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடமும் இதுதான். ‘10 என்று தலைமை அலுவலகச் சர்வரையும், 20 என்று கிளைச் சர்வரையும் போட்டுவிட்டால், முதலாவதில் ஆள் இல்லாதபோது மெயில் தானாக இரண்டாவதற்குப் போய்விடும்’ என்று நினைக்கிறார்கள். போகாது. முதல் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டாலோ, அது தற்காலிகப் பிழை சொன்னாலோதான் அனுப்புபவர் இரண்டாவதை நாடுவார். முதல் சர்வர் நிமிர்ந்து நின்று ‘550, அப்படி ஒருவர் இல்லை’ என்று சொல்லிவிட்டால் அதோடு கதை முடிந்தது, மெயில் பவுன்ஸ் ஆகிவிடும், அதாவது ‘போய்ச் சேரவில்லை’ என்ற அறிவிப்பு அனுப்பியவருக்குத் திரும்பும். எம்எக்ஸ் எண் எந்த வாசலைத் தட்டலாம் என்பதை மட்டும்தான் சொல்கிறது. வீட்டுக்குள் யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

முதல் படி: தாளில் எழுதுங்கள்

சர்வரைத் தொடுவதற்கு முன் ஒரு விரிதாளைத் திறங்கள். ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு வரி. அது எந்தச் சர்வரில் இருக்கிறது, அது மெயில்பாக்ஸா, வேறு முகவரிக்குப் போகும் அலையாஸா, குழு முகவரியா என்று எழுதுங்கள். ‘விற்பனை@நிறுவனம்.காம்’ போன்ற பொது முகவரிகளை விட்டுவிடாதீர்கள். போஸ்ட்மாஸ்டர் என்ற முகவரி கட்டாயம் இருக்க வேண்டும், எஸ்எம்டிபி விதியே அதைக் கேட்கிறது.

அப்புறம் இன்னொரு பட்டியல்: மெயில் அனுப்பும் எல்லாவற்றின் பட்டியல். ஸ்கேனர், பிரிண்டர், பேக்கப் ஸ்கிரிப்ட், சம்பளச் சீட்டு அனுப்பும் மென்பொருள், இணையதளத்தின் தொடர்புப் படிவம். இவற்றை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். மாற்றம் நடந்த மறுநாள் ‘ஸ்கேன் செய்தால் மெயில் வரவில்லை’ என்ற அழைப்பு வரும்போதுதான் தெரியவரும். பழைய சர்வரின் லாகை (நடந்ததைப் பதியும் கோப்பு) குறைந்தது ஒரு மாதத்துக்குப் பின்னோக்கிப் பார்த்து, எந்தெந்த ஐபி முகவரிகள் வந்து மெயில் கொடுத்தன என்று எடுத்தால் இந்தப் பட்டியல் ஓரளவு முழுமையாகும். மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் நிரல்கள் இருக்கும் என்பதால்தான் ஒரு மாதம் என்கிறேன்.

சலிப்பான வேலைதான். ஆனால் இதில் செலவழிக்கும் இரண்டு நாள், பிறகு இரண்டு வாரத்தை மிச்சப்படுத்தும்.

இரண்டாம் படி: வெளியே தெரியும் வாசல் ஒன்று

வெளியிலிருந்து வரும் மெயில் எல்லாம் ஒரே கேட்வே வழியாக நுழையட்டும். கேட்வேயில் யாருடைய மெயில்பாக்ஸும் இருக்காது. வருவதை வாங்கி, ஸ்பேம் பார்த்து, உரிய சர்வருக்குத் தள்ளுவது மட்டுமே அதன் வேலை. ஒன்று நின்றுபோனால் என்ன செய்வது என்ற கவலை இருந்தால், ஒரே அமைப்புள்ள இரண்டு கேட்வே வையுங்கள். எம்எக்ஸில் இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்தால் அனுப்புபவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள்.

ஸ்பேம் வடிகட்டி இல்லாத பழைய சர்வர் ஒன்றை ‘பேக்கப் எம்எக்ஸ்’ என்று 20ஆம் எண்ணில் நிறுத்தி வைப்பதை நான் ஏற்க மாட்டேன். ஸ்பேம் அனுப்புபவர்கள் வேண்டுமென்றே அந்தக் கொல்லைப்புறக் கதவைத்தான் முதலில் தட்டுகிறார்கள். உங்கள் கேட்வே சில மணி நேரம் படுத்தாலும் பெரும்பாலான மெயில் தொலையாது. ஒழுங்காக அமைத்த எந்தச் சர்வரும் நான்கு, ஐந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான காலக்கெடுவே 5 நாள்.

போஸ்ட்ஃபிக்ஸ் கேட்வேயில் மெயின்.சிஎஃப் கோப்பைத் திறந்து, நிறுவனத்தின் டொமைனை ரிலே_டொமைன்ஸ் வரியில் சேருங்கள். மைடெஸ்டினேஷன் வரியில் சேர்க்கவே கூடாது. அங்கே சேர்த்தால் ‘இந்த டொமைனின் ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள்’ என்று போஸ்ட்ஃபிக்ஸ் புரிந்துகொண்டு, அந்தக் கணினியின் யூசர் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு எல்லாரையும் இல்லை என்று சொல்லிவிடும்.

மூன்றாம் படி: யார் இருக்கிறார்கள் என்று வாசலுக்குத் தெரிய வேண்டும்

பலரும் தாண்டிப்போகும் படி இது. ஆனால் என் பார்வையில் முழு அமைப்பிலும் முக்கியமானது.

ரிலே_டொமைன்ஸில் டொமைனை மட்டும் எழுதிவிட்டால், அந்த டொமைனின் பெயரில் வரும் எந்த முகவரியையும் கேட்வே வாங்கிக்கொள்ளும், இல்லாத முகவரிகளையும் சேர்த்து. வாங்கிய மெயிலை உள்ளே தள்ளும்போது உள்சர்வர் ‘ஆள் இல்லை’ என்று மறுக்கும். இப்போது அந்த மெயிலுக்குப் பொறுப்பு கேட்வேதான். அது அனுப்பியவருக்கு ஒரு பவுன்ஸ் எழுதும். ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய் என்பதால், அந்தப் பவுன்ஸ் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் இன்பாக்ஸில் போய் விழும். நாளுக்கு ஆயிரக்கணக்கில் இப்படி நடந்தால் உங்கள் ஐபி தடைப் பட்டியலில் ஏறும். அப்புறம் உங்கள் உண்மையான மெயில்களும் வெளியே ஏற்கப்படாது.

தீர்வு எளிது. முதல் படியில் எழுதிய விரிதாளிலிருந்து செல்லுபடியாகும் முகவரிகளை எடுத்து ரிலே_ரெசிபியன்ட்_மேப்ஸ் என்ற பட்டியலில் போடுங்கள். பட்டியலில் இல்லாத முகவரியை கேட்வே உரையாடலின் போதே 550 சொல்லி மறுத்துவிடும். மெயிலை வாங்கவே இல்லை என்பதால் பவுன்ஸ் எழுதும் பொறுப்பும் நமக்கு இல்லை. ஊழியர் விவரங்களை ஒரே இடத்தில் வைக்கும் எல்டாப் அல்லது ஆக்டிவ் டைரக்டரி நிறுவனத்தில் இருந்தால், கோப்புக்குப் பதிலாக அதையே நேராகக் கேட்கும்படி வைக்கலாம்.

கேட்வே உள்சர்வரையே கேட்டுப் பார்த்து முடிவுசெய்யும் ஒரு வசதியும் போஸ்ட்ஃபிக்ஸில் உண்டு, ரிஜெக்ட்_அன்வெரிஃபைடு_ரெசிபியன்ட் என்று பெயர். பட்டியல் எழுத வேண்டாம் என்பதால் ஆசையாக இருக்கும். உள்சர்வர் தன்னிடம் இல்லாதவர்களுக்கு ஒழுங்காக ‘இல்லை’ என்று சொன்னால்தான் இது வேலை செய்யும். பல சர்வர் அமைப்பில் உள்சர்வர்கள் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ‘சரி’ சொல்லும்படி இருக்கும். ஏன் அப்படி என்பதை ஐந்தாம் படியில் பார்ப்போம்.

நான்காம் படி: யாருக்கு எந்தச் சர்வர்

இதற்கு ட்ரான்ஸ்போர்ட்_மேப்ஸ் என்ற அட்டவணை. இடப்பக்கம் முகவரி, வலப்பக்கம் போக வேண்டிய சர்வர். உதாரணமாக ‘ஆய்வு@நிறுவனம்.காம்’ என்பதற்கு எதிரே கிளைச் சர்வரின் பெயர், ‘விற்பனை@நிறுவனம்.காம்’ என்பதற்கு எதிரே தலைமைச் சர்வரின் பெயர். முழு முகவரிக்கான வரியைத்தான் போஸ்ட்ஃபிக்ஸ் முதலில் தேடும், அது இல்லாவிட்டால்தான் டொமைனுக்கான பொது வரிக்கு வரும். ஆகவே பெரும்பாலானவர்கள் ஒரே சர்வரில் இருந்தால் டொமைனுக்கு ஒரு பொது வரி போட்டு, வேறிடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் தனித்தனி வரி எழுதினால் போதும்.

சர்வரின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். அடைப்புக்குறி இருந்தால் ‘எம்எக்ஸ் தேடாதே, நேராக இந்தக் கணினிக்கே போ’ என்று பொருள். விட்டுவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் தேடும். அதன் பதிலில் கேட்வேயின் பெயரே வந்துவிட்டால், ‘மெயில் என்னிடமே திரும்பி வருகிறது’ என்ற பிழை லாகில் நிற்கும். இந்தப் பிழையைப் பார்த்தவுடன் முதலில் அடைப்புக்குறியைச் சரிபாருங்கள்.

கோப்பைத் திருத்தியதும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பழைய அட்டவணையே நடப்பில் இருக்கும். அதே கட்டளையில் ‘-க்யூ’ என்ற ஆங்கில எழுத்துக் குறியோடு ஒரு முகவரியைக் கொடுத்தால், அட்டவணையில் அந்த முகவரிக்கு நேரே என்ன இருக்கிறது என்று உடனே காட்டும். ஒரு மெயிலும் அனுப்பாமல் அட்டவணையைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

இன்னொரு முறையும் உண்டு. ஒவ்வொரு உள்சர்வருக்கும் ‘கிளை.நிறுவனம்.காம்’ போல ஒரு துணை டொமைன் கொடுத்து, கேட்வேயில் விர்ச்சுவல்_அலையாஸ்_மேப்ஸ் மூலம் உறை முகவரியை மட்டும் அந்தத் துணை டொமைனுக்கு மாற்றுவது. ‘டு’ வரி மாறாது, படிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பாதிப் பேர் கிளவுடிலும் பாதிப் பேர் சொந்தச் சர்வரிலும் இருக்கும் அமைப்புகளில் இது கைகொடுக்கும், ஏனென்றால் முகவரியைப் பார்த்தாலே அது எங்கே போகிறது என்று எந்தச் சர்வருக்கும் புரிந்துவிடும். ஒரே குறை, உள்பெயர்கள் சில நேரம் பவுன்ஸ் மெயில்களில் வெளியே தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: லூப்

கேட்வே சரி. இப்போது உள்சர்வர்கள். தலைமைச் சர்வரில் இருக்கும் ஒருவர், கிளைச் சர்வரில் இருக்கும் ‘ஆய்வு’ முகவரிக்கு எழுதுகிறார். தலைமைச் சர்வர் தன் பட்டியலைப் பார்க்கிறது, இல்லை. நிறுவனம்.காம் முழுவதும் தன்னுடையது என்று அது நம்பினால், அங்கேயே மறுத்துவிடும். வெளியிலிருந்து எழுதினால் மெயில் போகிறது, பக்கத்து அறையிலிருந்து எழுதினால் போகவில்லை என்ற விசித்திரமான புகார் வந்தால் காரணம் இதுதான்.

அதனால் உள்சர்வரிடம் ‘உன்னிடம் இல்லாதவர்களின் மெயிலை கேட்வேக்கு அனுப்பு’ என்று சொல்லி வைக்கிறோம். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வரில் டொமைனை ‘அத்தாரிட்டேட்டிவ்’ (எல்லாரும் என்னிடமே) வகையிலிருந்து ‘இன்டர்னல் ரிலே’ (சிலர் வேறிடத்தில்) வகைக்கு மாற்றுவது இதற்காகத்தான். இந்த நொடியிலிருந்து அந்தச் சர்வர் எந்த முகவரிக்கும் ‘இல்லை’ என்று சொல்லாது. லூப் பிறக்கும் இடமும் இதுதான்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இது நடந்தது. ஒருவர் வேலையை விட்டுப் போனார். அவருடைய மெயில்பாக்ஸை கிளைச் சர்வரிலிருந்து நீக்கினோம், கேட்வேயின் அட்டவணையில் அவர் பெயர் அப்படியே இருந்தது. அவருக்கு ஒரு மெயில் வந்தது. கேட்வே அட்டவணையைப் பார்த்து கிளைக்கு அனுப்பியது. கிளை ‘என்னிடம் இல்லை’ என்று கேட்வேக்கே திருப்பியது. கேட்வே மறுபடி கிளைக்கு. ஒவ்வொரு முறையும் மெயிலின் தலையில் ஒரு ‘ரிசீவ்ட்’ வரி கூடிக்கொண்டே போனது. போஸ்ட்ஃபிக்ஸ் 50 வரிகள் வரை பொறுத்துக்கொண்டு அதற்கு மேல் நிறுத்திவிடும், இந்த வரம்பு இல்லாவிட்டால் அது நின்றிருக்கவே நின்றிருக்காது. அந்த முகவரி பல செய்தி மடல்களில் பதிவாகியிருந்ததால், ஒரு காலைப்பொழுதில் க்யூ, அதாவது அனுப்பக் காத்திருக்கும் மெயில் வரிசை, முழுவதும் இப்படிச் சுற்றும் மெயில்களால் நிரம்பி, மற்றவர்களின் மெயிலும் தாமதமானது. தவறு ஒரு வரிதான். இரண்டு சர்வர்களிடம் இரண்டு பதில் இருந்தது.

அன்றிலிருந்து நான் பின்பற்றுவது இதை: அட்டவணை ஒரே இடத்தில் இருக்கும். அதிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் கேட்வேக்கும் ஒவ்வொரு உள்சர்வருக்கும் உரிய கோப்புகளை உருவாக்கும். உள்சர்வருக்கும் முழுப் பட்டியல் தெரியும் என்பதால், தன்னிடம் இருப்பவருக்கு உள்ளேயே கொடுக்கும், வேறு சர்வரில் இருப்பவருக்கு அங்கே அனுப்பும், பட்டியலிலேயே இல்லாதவருக்கு அந்த இடத்திலேயே ‘இல்லை’ என்று சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு ‘தெரியாததை அடுத்தவரிடம் தள்ளு’ என்ற விதி எங்கும் இருக்காது. எக்ஸ்சேஞ்சில் இதையே, வேறு சர்வரில் இருப்பவர்களை ‘மெயில் யூசர்’ அல்லது ‘மெயில் கான்டாக்ட்’ என்று பதிந்து, அவர்களுக்குத் துணை டொமைன் முகவரியைக் கொடுத்துச் செய்யலாம். அப்படிச் செய்தால் டொமைனை அத்தாரிட்டேட்டிவ் வகையிலேயே வைத்திருக்க முடியும்.

ஆறாம் படி: வெளியே போகும் பாதை

வெளியே போகும் மெயிலும் கேட்வே வழியாகவே போகட்டும். உள்சர்வர்களில் ரிலேஹோஸ்ட் என்ற வரியில் கேட்வேயைக் குறிப்பிட்டால் போதும். கேட்வேயின் மைநெட்வொர்க்ஸ் வரியில் அந்த உள்சர்வர்களின் ஐபிகளையும், ஸ்கேனர் முதலானவற்றின் ஐபிகளையும் மட்டும் எழுதுங்கள். சோம்பல்பட்டு ஒரு பெரிய ஐபி வரம்பையே திறந்துவிட்டால், அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு கணினியில் வைரஸ் புகுந்த நாளில் உங்கள் கேட்வே ஸ்பேம் அனுப்பத் தொடங்கிவிடும். சர்வர்கள் தமக்குள் மெயில் கொடுத்துக்கொள்ளும் 25ஆம் போர்ட் வழியாக அலுவலகக் கணினிகள் நேராக இணையத்துக்குப் போவதை ஃபயர்வாலில் மூடிவிடுங்கள். ஊழியர்கள் மெயில் அனுப்ப 587 அல்லது 465ஆம் போர்ட், பாஸ்வேர்டோடு.

ஒரே வாசல் வழியாகப் போவதால், எந்த ஐபிகள் உங்கள் டொமைன் பெயரில் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டில் கேட்வேயின் ஐபியும், நேராக அனுப்பும் கிளவுட் சேவை இருந்தால் அதுவும் மட்டும் போதும். எஸ்பிஎஃப்பைச் சரிபார்க்கும்போது அதிகபட்சம் 10 டிஎன்எஸ் தேடல்கள்தான் அனுமதி, சேவைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் அந்த வரம்பைச் சீக்கிரம் தொட்டுவிடுவீர்கள். கேட்வே ஐபிக்கு பிடிஆர் ரெக்கார்டு (ஐபியிலிருந்து பெயரைச் சொல்வது) இருக்க வேண்டும், அது சொல்லும் பெயர் திரும்ப அதே ஐபிக்கு வர வேண்டும். மெயில் வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் டிகிம் கையொப்பத்தைக் கடைசி இடமான கேட்வேயில் போடுங்கள். உள்சர்வரில் கையொப்பமிட்டுவிட்டு, கேட்வேயில் ‘இந்த மெயில் ரகசியமானது’ என்ற அடிக்குறிப்பை ஒட்டினால் கையொப்பம் உடைந்துவிடும்.

உள்ளே வரும் பாதையில் எஸ்பிஎஃப் தொடர்பாக ஒரு பொறி இருக்கிறது. உள்சர்வர்களுக்கு எல்லா மெயிலும் கேட்வேயின் ஐபியிலிருந்துதான் வருகிறது. அவை தனியாக எஸ்பிஎஃப் பார்த்தால், உலகத்து மெயில் எல்லாம் போலி என்றுதான் அவற்றுக்குத் தோன்றும், நல்ல மெயில்கள் ஸ்பேம் பெட்டிக்குள் விழும். எஸ்பிஎஃப் சோதனை கேட்வேயில் மட்டும் நடக்கட்டும். உள்சர்வர்களில் கேட்வேயை நம்பத்தகுந்த ஐபியாகப் பதியுங்கள். கிளவுட் சேவைகளில் இதற்கு ‘இன்பவுண்ட் கேட்வே’ போன்ற பெயரில் ஓர் அமைப்பு இருக்கும்.

மெயில் அளவின் வரம்பு எல்லாச் சர்வரிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். போஸ்ட்ஃபிக்ஸில் இயல்பான வரம்பு 1,02,40,000 பைட். இணைப்புக் கோப்புகள் மெயிலில் போகும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருக்கும் என்பதால் 8 எம்பி கோப்பே இதைத் தாண்டிவிடும்.

ஏழாம் படி: சோதனை, பிறகு மாற்றம்

எம்எக்ஸை மாற்றும் முன்பே கேட்வேயை முழுமையாகச் சோதிக்கலாம். ஸ்வாக்ஸ் என்ற சிறு கருவி, எம்எக்ஸைப் பார்க்காமல் நீங்கள் சொல்லும் சர்வருக்கே மெயில் கொடுக்கும். வெளியே உள்ள ஒரு கணினியிலிருந்து இவற்றை அனுப்பிப் பாருங்கள்: ஒவ்வொரு உள்சர்வரிலும் உள்ள ஒரு முகவரிக்கு ஒன்று, இல்லாத முகவரிக்கு ஒன்று, உங்களுடையது அல்லாத டொமைனுக்கு ஒன்று. முதல் வகை போய்ச் சேர வேண்டும். இரண்டாவது 550 வாங்க வேண்டும். மூன்றாவதற்கு ‘ரிலே அக்சஸ் டினைடு’ என்று வர வேண்டும். மூன்றாவது போய்ச் சேர்ந்துவிட்டால் உங்கள் கேட்வே ஓப்பன் ரிலே, அதாவது யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அதன் வழியே அனுப்பலாம். அதைச் சரிசெய்யும் வரை இணையத்தோடு இணைக்காதீர்கள். இதற்குப் பிறகு, ஒவ்வொரு உள்சர்வரிலிருந்தும் மற்றொன்றுக்கு அனுப்பிப் பாருங்கள். ஐந்தாம் படியின் தவறுகள் இங்கேதான் வெளிப்படும்.

வந்த மெயிலின் ஹெடரைத் திறந்து ‘ரிசீவ்ட்’ வரிகளைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். அடியில் இருப்பதுதான் முதல் சர்வர். மெயில் நீங்கள் தாளில் வரைந்த பாதையில்தான் வந்ததா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மாற்றத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே எம்எக்ஸின் டிடிஎல்லை (டிஎன்எஸ் பதிலை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் காலம்) 300 நொடிக்குக் குறையுங்கள். பழைய டிடிஎல் 86,400 என்று இருந்தால் அது காலாவதியாக ஒரு முழு நாள் ஆகும் என்பதால்தான் முன்கூட்டியே செய்ய வேண்டும். மாற்றும் நேரத்தில் கேட்வேயில் சாஃப்ட்_பவுன்ஸ் அமைப்பை ‘எஸ்’ என்று வையுங்கள். எல்லா நிரந்தர மறுப்பும் தற்காலிக மறுப்பாக மாறிவிடும். அட்டவணையில் ஒருவரை விட்டுவிட்டிருந்தாலும் அவருக்கு வரும் மெயில் அனுப்புபவரின் க்யூவில் காத்திருக்கும், நீங்கள் வரியைச் சேர்த்ததும் வந்துவிடும். லாகில் மறுக்கப்பட்ட முகவரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, விட்டுப்போனவற்றைச் சேருங்கள். ஓரிரு நாளில் புதிதாக எதுவும் வரவில்லை என்றானதும் அந்த அமைப்பை நீக்கிவிடுங்கள். நிரந்தரமாக விட்டால் முகவரியில் எழுத்துப் பிழை செய்தவர்களுக்கு நாள்கணக்கில் பதிலே கிடைக்காது.

முதல் வாரம் காலையும் மாலையும் மெயில்க்யூ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். ஒரே சர்வருக்குப் போக வேண்டிய மெயில்கள் குவிந்திருந்தால் அந்தச் சர்வரோ நடுவிலுள்ள ஃபயர்வாலோதான் காரணம். ஒரே முகவரிக்கானவை குவிந்தால் அட்டவணையைப் பாருங்கள். பழைய வாசலாக இருந்த சர்வரின் 25ஆம் போர்ட்டை வெளியுலகுக்கு உடனே மூடிவிடாதீர்கள். டிடிஎல்லை மதிக்காத சில சர்வர்கள் இன்னும் சில நாள் அங்கேதான் மெயிலைக் கொண்டுவரும். லாகில் அந்த வரத்து நின்றுபோன பிறகு, கேட்வேக்கும் மற்ற உள்சர்வர்களுக்கும் மட்டும் திறந்து வைத்துவிட்டு மற்றவர்களுக்கு மூடுங்கள்.